பக்கத்துக்கு 73 சென்ட்! கணவரின் கேஸ் ஷீட்டைக் கேட்ட பெண்ணுக்கு ஆஸ்பத்திரி சொன்ன விலை

கணவருக்கு உடம்பில் என்ன கோளாறு? என்ன மருந்து கொடுக்கிறார்கள்? இதைத் தெரிந்துகொள்ள ஒரு பெண், ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டைக் கேட்டார்.

பக்கம் ஒன்றுக்கு 73 சென்ட் கட்ட வேண்டும், 21 நாள் பொறுத்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது.

கணவரோ புற்றுநோயில் படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

இந்தச் சம்பவம் நடந்தது அமெரிக்காவின் தலைநகர் வாஷிங்டனில். ஆண்டு 2009. அந்தப் பெண்ணின் பெயர் ரெஜினா ஹாலிடே. அழுதுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கையில் பிரஷ்ஷை எடுத்தார். அடுத்த ஆண்டே மந்திரி இருந்த மேடையில் ஏறிப் பேசினார்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பொம்மைக் கடையில் வேலை

ரெஜினா பொம்மைக் கடையில் வேலை பார்த்தவர். சின்னப் பிள்ளைகளுக்கு ஓவியமும் சொல்லிக்கொடுத்து வந்தார். கணவர் பிரெட், சினிமா பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர். இவர்களுக்கு 2 மகன்கள். கையில் பெரிய காசு கிடையாது. நம்ம மாதச் சம்பளக் குடும்பம் மாதிரிதான்.

2009-ம் ஆண்டு தொடக்கத்தில் பிரெட்டுக்கு உடம்பில் வலி கண்டது. வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வலி போகவில்லை. மார்ச் மாதக் கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். சோதித்துப் பார்த்ததில் சிறுநீரகத்தில் புற்றுநோய், அது உடம்பில் பரவியும் விட்டது என்று தெரிந்தது.

உடம்பில் கட்டிகள் இருக்கும் சேதியை டாக்டர் பிரெட்டிடம் சொன்னபோது, ரெஜினா பக்கத்தில் இல்லை. படுக்கையில் தன்னந்தனியாக இருந்த மனிதர் அதைக் கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு ரெஜினா விளக்கம் கேட்டு அலைந்தார். சரியான பதில் கிடைக்கவில்லை. வார்டு வாசலில் காத்துக் கிடந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கடைசியில்தான், எழுதி வைத்திருப்பதையாவது கொடுங்கள், நானே படித்துக்கொள்கிறேன் என்று கேஸ் ஷீட்டைக் கேட்டார். 73 சென்ட், 21 நாள் என்ற பதில் அப்போது வந்ததுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சட்டப்படி அது தப்பே இல்லை! நோயாளி கேட்டால் கேஸ் ஷீட் நகல் கொடுத்தாக வேண்டும் என்று அமெரிக்காவில் முன்பே விதி உண்டு. ஆனால் கொடுப்பதற்கு 30 நாள் அவகாசமும், நகல் எடுக்கும் செலவை வாங்கிக்கொள்ள அனுமதியும் அதே விதியில் இருந்தன. இன்றோ நாளையோ என்று கிடப்பவருக்கு 21 நாள் என்றால் என்ன அர்த்தம் என்று விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

6 மணி நேரம் போனும் பேக்சும்

பிறகு பிரெட் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார். அங்கேயும் சோதனை காத்திருந்தது.

முதல் ஆஸ்பத்திரியிலிருந்து அவருடன் வந்த குறிப்புகள் பழையவை, அரைகுறையானவை. என்ன மருந்து, எவ்வளவு, கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று தெரியாமல் புது ஆஸ்பத்திரி ஊழியர்கள் திண்டாடினார்கள். போனைப் போட்டும், பேக்ஸ் அனுப்பியும் விவரங்களை ஒட்டுப்போடுவதற்கு 6 மணி நேரம் பிடித்தது. இரண்டாவது ஆஸ்பத்திரிக்குத் தேவை என்று வந்த பிறகுதான் முழு கேஸ் ஷீட்டும் ரெஜினா கைக்குக் கிடைத்தது.

அமெரிக்கா என்றால் எல்லாமே கம்ப்யூட்டர்தான் என்று நாம் நினைக்கிறோம். 2009-ல் வெளியான ஓர் ஆய்வைப் பார்த்தால் அந்த நினைப்பு மாறிவிடும். முழு அளவில் கம்ப்யூட்டர் கேஸ் ஷீட் வைத்திருந்த ஆஸ்பத்திரிகள் அப்போது அங்கே 100-க்கு 2 கூட இல்லை!

2009 ஜூன் 17-ந் தேதி பிரெட் பரிதாபமாக இறந்தார். ஆஸ்பத்திரியில் சேர்ந்து 3 மாதம் கூட முடியவில்லை.

பெட்ரோல் பங்க் சுவரில்

கணவர் உயிரோடு இருந்தபோதே, மே மாதத்தில், ரெஜினா ஓர் உணவுக் கடையில் ஓவியம் ஒன்று வரைந்தார். பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று அச்சடித்திருக்கும் அல்லவா? அதே மாதிரி நோயாளியின் விவரங்களைக் கட்டம் போட்டு எழுதினார். பிஸ்கட்டுக்கு இருக்கும் விவரம் மனுசனுக்குக் கிடையாதா என்பது அவர் கேள்வி.

கணவர் இறந்த சில நாட்களில் அடுத்த ஓவியத்தைத் தொடங்கினார். வாஷிங்டனில் கனெக்டிகட் அவென்யூ என்பது ஆபீஸ் போகிறவர்கள் காரும் பஸ்ஸுமாக நெரியும் சாலை. அங்கே ஒரு பெட்ரோல் பங்கை ஒட்டிய பெரிய சுவரைப் பிடித்தார். ஓவியத்துக்கு அவர் வைத்த பெயர் “73 சென்ட்”.

படுக்கையில் கணவர். பக்கத்தில் குடும்பம். கை கட்டப்பட்ட நர்சு. ஒளி இல்லாத கம்ப்யூட்டர்.

அந்தச் சமயத்தில் ஒபாமா அரசின் ஆஸ்பத்திரிச் செலவுச் சட்டம் பற்றி நாடு முழுவதும் காரசாரமாக விவாதம் நடந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானோர் தினமும் ஓவியத்தைப் பார்த்தார்கள். பத்திரிகைக்காரர்களும் டி.வி.க்காரர்களும் ஓடி வந்தார்கள்.

2010 ஜூலை 13-ந் தேதி, ஆஸ்பத்திரிகள் கம்ப்யூட்டர் கேஸ் ஷீட்டை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற விதிகளை அமெரிக்க அரசு வெளியிட்டது. சுகாதார மந்திரி கலந்துகொண்ட அந்த நிகழ்ச்சியில் ரெஜினாவும் பேசினார். பெரும் தொகையை ஊக்கப் பணமாக அரசு கொடுத்ததால் ஆஸ்பத்திரிகளும் மளமளவென்று மாறின.

100-க்கு 5, அப்புறம் ஒரே ஒருவர்!

2012-ல் வந்த இரண்டாம் கட்ட விதி இன்னும் கண்டிப்பானது. டிஸ்சார்ஜ் ஆன 36 மணி நேரத்துக்குள் நோயாளி தன் விவரத்தை இன்டர்நெட்டில் பார்க்க வசதி செய்ய வேண்டும். வசதி செய்தால் போதாது. 100-க்கு 5 பேருக்கு மேல் அதை உண்மையிலேயே பார்த்திருக்கவும் வேண்டும்.

டாக்டர்கள் தரப்பில் எதிர்ப்பு கிளம்பியது. நோயாளி பார்க்காவிட்டால் நாங்கள் எப்படிப் பொறுப்பு என்பது அவர்கள் வாதம். 2015-ல் விதி தளர்ந்தது. 100-க்கு 5 என்பது போய், ஒரே ஒரு நோயாளி பார்த்தாலே போதும் என்று ஆகிவிட்டது. ஒருவர்! யாராவது ஒரு நர்சின் மாமியார் பார்த்தாலே கணக்கு நேராகிவிடும்.

டாக்டர்கள் பயந்ததற்கு வேறு காரணமும் உண்டு. நோயாளி படித்தால் மிரண்டுபோவார், விளக்கம் கேட்டே உயிரை எடுப்பார் என்று நினைத்தார்கள். இதைச் சோதித்துப் பார்க்க 2010-ல் பாஸ்டன், சியாட்டில், பென்சில்வேனியா ஆகிய 3 இடங்களில் ஒரு பரீட்சை நடந்தது. 105 டாக்டர்கள் தாங்கள் எழுதும் குறிப்புகளை நோயாளிகளுக்குத் திறந்துவிட்டார்கள். 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இதில் சேர்ந்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது. படித்துப் பயந்ததாகச் சொன்னவர்கள் ரொம்பக் குறைவு. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறோம் என்று பாதிக்கு மேற்பட்டோர் சொன்னார்கள். வசதியை நிறுத்த வேண்டும் என்று ஒரு டாக்டர் கூடக் கேட்கவில்லை.

2021 ஏப்ரல் 5 முதல், நோயாளியின் விவரத்தைத் தகுந்த காரணமின்றி மறைக்கவே கூடாது என்று அங்கே விதி அமலுக்கு வந்தது. டாக்டர் எழுதும் குறிப்பும் பரிசோதனை முடிவும் செல்போனிலேயே வந்துவிடுகின்றன. இப்படிப் பார்ப்பதற்குக் காசும் கிடையாது.

புதுத் தலைவலி

இப்போது வேறு ஒரு சிக்கல். டாக்டர் கூப்பிடுவதற்கு முன்பே ரிப்போர்ட் வந்து விழுகிறது. ராத்திரியில் தனியாக உட்கார்ந்து, தனக்குப் புற்றுநோய் என்று செல்போனில் படிப்பவர்களும் உண்டு. பிரெட் தனியாகக் கேட்டது டாக்டர் வாயால். இவர்கள் கேட்பது மெஷின் வாயால். அப்படி இருந்தும் கேட்டுப் பார்த்ததில், உடனே தெரிவதே மேல் என்றுதான் பெரும்பாலோர் சொல்லியிருக்கிறார்கள்.

கூட இருந்து பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ மகளுக்கோ தனிச் சாவி கொடுக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் அதற்கென்று தனியாகப் பாரம் நிரப்ப வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்து, நோயாளியின் ரகசிய எண்ணைப் போட்டே பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. கம்ப்யூட்டர் கணக்கில் அவர்களும் நோயாளிகள்தான்!

ரெஜினா பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. 2011 முதல் கோட்டுகளில் வரையத் தொடங்கினார். நோயாளிகள், அவர்கள் குடும்பத்தார், நர்சுகள், டாக்டர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் தங்கள் கதையைச் சொல்லக் கேட்டு, அதை அவரவர் கோட்டின் முதுகில் ஓவியமாகத் தீட்டினார். மருத்துவ மாநாடுகளுக்கு அவர்கள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். மேடையில் யார் பேசினாலும், பின்வரிசையில் இருப்பவர் கண்ணுக்கு முதலில் படுவது முன்வரிசைக்காரரின் முதுகுதான்.