பாட்டில் புதிது, சாராயம் பழையது

கிறிஸ்துவுக்குள் அன்பான நண்பர்களே,

எங்கள் ஆண்கள் வார்டில் நாங்கள் அடிக்கடி கேட்கிற ஒரு வார்த்தையைக் குறித்து இம்முறை உங்களுக்கு எழுதுகிறோம். "பிராந்தியை விட்டுவிட்டேன் ஐயா, இப்போது வெறும் பீர்தான்" என்பதே அது. ஆர்.கே.பேட்டைக்கு அருகிலுள்ள ஒரு நெசவுக் கிராமத்திலிருந்து மஞ்சள் காமாலையோடு வந்த நாற்பது வயதுத் தறிக்காரர் ஒருவரும் இதையே சொன்னார். அவருடைய மனைவி, "ஆமாங்கய்யா, இப்ப தினம் ரெண்டு பாட்டில் பீரோட சரி" என்றார்கள். அந்தச் சகோதரி அதை ஒரு நற்செய்தியாகவே எங்களிடம் சொன்னார்கள்.

புதிய ரகம் வந்தால் பழைய தீங்கு குறையும் என்ற இந்த நம்பிக்கை இன்று பலரிடம் இருக்கிறது. கடைக்கு வரும் புதுப் பெயர்களும் அதை வளர்க்கின்றன.

எங்கள் வட்டாரம் மதுவின் வரவையும் போக்கையும் நெடுங்காலமாகக் கண்டது. திருத்தணிப் பகுதி சித்தூர் மாவட்டத்தோடு இருந்தபோது, 1938இல், ராஜாஜியின் அரசு அம்மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1960இல் இப்பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 1971இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. பின்பு மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கைக்கு வந்தது. எல்லைக்கு அப்பால் ஆந்திராவிலோ 1995இல் வந்த முழு மதுவிலக்கு 1997இல் நீங்கிற்று. 2019 அக்டோபரில் அங்கே அரசே கடைகளை நடத்தத் தொடங்கியபோது, பழகின பெயர்கள் பல மறைந்து, கேள்விப்படாத பெயர்கள் அலமாரியை நிரப்பின. 2024 அக்டோபரில் கடைகள் தனியாரிடம் திரும்பின. குவார்ட்டர் 99 ரூபாய் என்ற புது ரகமும் வந்தது. நகரிக்குப் போய்வருகிறவர்கள் இந்தச் செய்தியை எங்கள் ஊர்த் தேநீர்க் கடைவரை கொண்டுவந்து சேர்த்தார்கள்.

பெயர்கள் இத்தனை வேகமாய்ப் பெருகுவது எப்படி? நம் நாட்டில் விலை குறைந்த பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூலப்பொருள் கரும்பாலையில் மிஞ்சும் கழிவுப் பாகோ, தானியமோதான். அதைப் புளிக்கவைத்து, காய்ச்சி வடித்து, ஏறக்குறைய 96 சதவீதச் சாராயம் எடுக்கிறார்கள். அதில் தண்ணீர் சேர்த்து 42.8 சதவீதத்திற்கு இறக்கி, கருக்கிய சர்க்கரையால் நிறமும், எசென்ஸால் மணமும் கொடுக்கிறார்கள். ஆகவே புதிய ரகம் என்பது பெரும்பாலும் புதிய மணமும் புதிய லேபிளுமே. உள்ளேயிருக்கும் சாராயம் ஒன்றுதான்.

இனி பீரின் கணக்கைப் பாருங்கள். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சுமார் 61 கிராம் சுத்தச் சாராயம் இருக்கிறது. 8 சதவீதமுள்ள 'ஸ்ட்ராங்' பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 41 கிராம். இரண்டு பாட்டில் குடித்தால் 82 கிராம்! நம் தறிக்காரர் பிராந்தியை விட்டதாக நினைத்து, தினமும் ஒரு குவார்ட்டருக்கும் மேலாகவே குடித்துவந்தார். ஒயினும் விதிவிலக்கல்ல. 12.5 சதவீதமுள்ள 750 மில்லி பாட்டிலில் 74 கிராம் உண்டு.

கல்லீரல் லேபிளைப் படிப்பதில்லை. அது மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் சாராயத்தையே எரித்து வெளியேற்றும். இரவு பத்து மணிக்கு இரண்டு பாட்டில் பீர் குடித்தவர் காலை ஆறு மணிக்குத் தறியில் நிற்கும்போதும் அவருடைய இரத்தத்தில் சாராயம் ஓடிக்கொண்டிருக்கும்.

"கள்ளச்சாராயத்தில்தானே ஆபத்து?" என்று சிலர் கேட்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 65 பேருக்கும் மேல் மாண்டது மெத்தனால் என்ற கொடிய விஷத்தால்தான். அது இரண்டொரு நாளில் கொல்லும். கடைச் சரக்கிலுள்ள எத்தனால் ஆண்டுக்கணக்கில் கொல்லும். மதுபானம் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே அறிவித்தது. பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது.

"கானாவூர் கலியாணத்தில் ஆண்டவரே திராட்சரசம் கொடுக்கவில்லையா?" என்று கேட்கிற விசுவாசிகளும் உண்டு. வேத காலத்துத் திராட்சரசம் இயற்கையாய்ப் புளித்தது. அதில் தண்ணீர் கலந்து குடிப்பது அக்காலத்தில் பரவலான வழக்கம். காய்ச்சி வடித்த சாராயம் குடிபானமாகப் பரவியது பல நூற்றாண்டுகளுக்குப் பின்புதான். கானாவூரை இன்றைய குவார்ட்டருக்குச் சாட்சியாக அழைப்பது நியாயமல்ல.

ஒரு முக்கியமான எச்சரிப்பு. தினமும் அதிகம் குடிக்கிறவர் வீட்டிலே திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது. முதல் நாளில் கை நடுக்கம், வியர்வை. சிலருக்கு இரண்டு நாட்களுக்குள் வலிப்பு. அதன்பின் மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் வரலாம். உயிருக்கே மோசம் நேரிடும். ஆகையால்தான் அவர்களைச் சில நாட்கள் படுக்கையில் வைத்து, தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசியும் நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும் கொடுத்துக் கவனிக்கிறோம். உங்கள் காணிக்கை இந்தப் படுக்கைகளைத் தாங்குகிறது.

நம் தறிக்காரர் காமாலை தெளிந்து வீடு திரும்பினார். மூன்று மாதம் சென்றபின், விலை குறைந்த புதுப் பாட்டில் ஒன்றை யாரோ நீட்ட, மறுபடியும் விழுந்தார். வெட்கத்தோடு வந்து வாசலில் நின்றவரை நாங்கள் மீண்டும் சேர்த்துக்கொண்டோம். இப்பொழுது தறிக்குப் போகிறார். மாதம் ஒருமுறை மனைவியோடு வந்து எங்களைப் பார்க்கிறார். அவர் முழுவதும் விடுதலையாகிவிட்டார் என்று எழுத நாங்கள் துணியவில்லை. இன்றைய நாளை வென்றிருக்கிறார் என்று மட்டும் எழுதுகிறோம்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் "இது வெறும் பீர்தான்" என்றால், அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். 82 கிராம் கணக்கை அன்போடு சொல்லுங்கள். இக்குடும்பத்தையும் இவர்களைப்போன்ற அநேகரையும் உங்கள் ஜெபத்தில் தாங்குங்கள்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைக் குருவானவரும் ஊழியர்களும்