ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு

கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் குடிசை போட்டிருக்கும் மக்களின் நிலத்துக்கு அரசு ஆவணங்களில் ஒரு பெயர் உண்டு: 'ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு'. நீர்நிலை நிலம், பட்டா தர முடியாது என்று பொருள். அதே பக்கிங்காம் கால்வாய்க்குள்தான் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. அவற்றைப் பெயர்க்க எந்த ஜேசிபியும் வரவில்லை.

தோழர்களே, சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. யாரை அகற்றி, எங்கே வைத்துக் காக்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை மக்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். அதற்கு முன்பே கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி. மூன்றும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியவை. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை அந்தச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கடலுக்குப் போகிறது. வெள்ள அபாயம் என்று சொல்லி எடுத்தவர்களை வெள்ளம் தங்கும் இடத்தில் இறக்கிவிட்டார்கள். 2022இல் ராம்சார் தகுதி பெற்ற அந்தச் சதுப்பின் ஓரங்களோ, ஐ.டி. கட்டடங்களும் குடியிருப்புகளும் குப்பைமேடுமாக முன்பே மேடாகிவிட்டன. மக்களுக்கும் நட்டம், தண்ணீருக்கும் நட்டம்.

அகற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். வீட்டு வேலை, துப்புரவு, மீன் விற்பனை, சுமைதூக்குதல் எல்லாம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. விடியுமுன் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகும் பெண்ணின் கூலியில் எவ்வளவு மிஞ்சும்? கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ள இளைஞர்கள் சொல்லிச் சலித்துவிட்டார்கள். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடம்தான் இது. இப்போது எட்டுத் தளம் கட்டி லிப்ட் வைத்திருக்கிறார்கள். (லிப்ட் ஓடுகிறதா என்று கேட்காதீர்கள்.)

வேறு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் குடிசைப்பகுதிச் சட்டம், இருக்கும் இடத்திலேயே தண்ணீர், கழிப்பறை, தெருவிளக்கு தந்து மேம்படுத்த வழி செய்கிறது. அறிவிக்கப்பட்ட பகுதியிலிருந்து உரிய அதிகாரியின் அனுமதியின்றி யாரையும் வெளியேற்ற முடியாது. அந்த ஆண்டு சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. அதன்பின் பல பத்தாண்டுகளாக ஒன்றுகூட இல்லை. 2021இல் வாரியத்தின் பெயர் மட்டும் மாறியது.

உங்கள் பகுதி அந்தப் பட்டியலில் உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் ஏன் அறிவிக்கவில்லை என்று அடுத்த மனு. வீடுகளில் எண் எழுத அதிகாரிகள் வருவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.