நாமா, நாங்களா? திரைத்தொடர், ஆவணப்பட மொழிபெயர்ப்பில் நம்பகத்தன்மை

திரையில் ஒரு காட்சியைக் கண்டு முடித்த பார்வையாளர் கூறும் தீர்ப்புகளுள் மிகப் பொதுவானது, 'நிஜத்தில் யார் இப்படிப் பேசுகிறார்கள்?' என்பதாகும். கதை நம்பும்படி இல்லை, நடிப்பு பொருந்தவில்லை என்பனவும் கூறப்படுவதுண்டு. ஆயினும் ஐயம் பெரும்பாலும் முதலில் எழுவது செவியில்தான். உடையிலோ ஒப்பனையிலோ நேரும் சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும் பார்வையாளர், மருமகள் மாமியாரை விளிக்கும் முறை பிழைபட்டால் பொறுப்பதில்லை. இலக்கணப் பயிற்சி இல்லாத ஒருவர் தம் மொழியின் வழக்குகள் குறித்து வழங்கும் இத்தீர்ப்பு, மொழியியலார் ஒதுக்கிவிடக் கூடாத தரவாகும்.

ஆனால் இத்தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்வதில் ஓர் இடர் உண்டு. எவரும் ஒருநாளும் பேசியிராத மொழியையும் அதே பார்வையாளர் முழுமையாக நம்புகிறார். தூர்தர்ஷனில் 1988 அக்டோபர் முதல் 1990 ஜூன் வரை 94 பகுதிகளாக ஒளிபரப்பான 'மகாபாரத்' தொடர் இதற்குத் தக்க சான்று. ராஹி மாசூம் ரஸா அதற்கு எழுதிய உரையாடல்கள் வடசொல் மிகுந்த இந்தியில் அமைந்தவை. தந்தையைப் 'பிதாஸ்ரீ' என்றும் தாயை 'மாதாஸ்ரீ' என்றும் அத்தொடரின் மாந்தர் விளித்தனர். எந்த வீட்டிலும் வழங்காத விளிகள் இவை. உறவுப்பெயரின் பின் 'ஜான்' சேர்த்து விளிக்கும் உருது மரபின் சாயல் இவற்றில் உண்டு எனலாம். உருது இலக்கியத்தில் ஊறிய ஒருவரின் கையில் இவ்வாறு உருவான விளியைப் பழங்காலத்துப் பேச்சென்றே வட இந்தியக் குடும்பங்கள் ஏற்றுக்கொண்டன. காலமே குரல் பெற்றுக் கதை சொல்வதாக அமைத்திருந்த உத்தியும் எவர்க்கும் இடறவில்லை.

எனவே நம்பகத்தன்மை என்பது அன்றாடப் பேச்சோடு உள்ள நெருக்கத்தை மட்டும் பொறுத்ததன்று. யார், யாரிடம், எந்த இடத்தில் நின்று பேசுகிறார் என்பது தெளிவாக இருக்கும் வரை பார்வையாளர் நம்புகிறார். அந்த நிலை குழம்பும்போது நம்ப மறுக்கிறார். அரசவையில் பேசும் பீஷ்மர்க்கு அரசவை மொழி பொருந்துகிறது. அடுக்களையில் நிற்கும் பெண் அரசவை மொழியில் பேசினால் பொருந்துவதில்லை.

இதனைத் தெளிவாகக் காட்டுவது 'ஹம் லோக்' தொடர். 1984 ஜூலையில் தொடங்கி 1985 டிசம்பரில் முடிந்த இத்தொடர் 156 பகுதிகளைக் கொண்டது. எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி. கேளிக்கையின் ஊடே சமூகக் கருத்துகளைப் பரப்பும் மெக்சிகோ நாட்டுத் தொடர்களை முன்மாதிரியாகக் கொண்டு திட்டமிடப்பட்டது. தொடக்கப் பகுதிகளில் குடும்பநலப் பரப்புரை மேலோங்கி நின்றது. பார்வையாளர்கள் அதனை விரும்பவில்லை. ஏறத்தாழ 13 பகுதிகளுக்குப் பின் பரப்புரை தணிக்கப்பட்டு, குடும்பக்கதை முன்னுக்கு வந்தது. கருத்தை மறுத்ததனால் மட்டும் அவர்கள் ஒதுங்கினர் என்று கொள்வது கடினம். ஒரு கீழ் நடுத்தரக் குடும்பத்தார் தமக்குள் பேசிக்கொள்வதாகக் காட்டப்பட்ட உரையாடல், உண்மையில் அவர்களைக் கடந்து பார்வையாளரை நோக்கிப் பேசிக்கொண்டிருந்தது. அறிவுரை கூறும் பொறுப்பு, பகுதி முடிவில் திரையில் தோன்றும் நடிகர் அசோக் குமாருக்கு உரியதாக இருந்தது. அவர் நேரே பார்வையாளரிடம் பேசினார், அது பேச்சென்றே தெரிந்தது, ஆகவே நம்பப்பட்டது. அவருக்கு மட்டும் 4 லட்சத்திற்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன.

அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகியோர் இத்தொடர் குறித்து நிகழ்த்திய ஆய்வின்படி, வட இந்தியாவில் பார்வையாளர் அளவு 65 முதல் 90 விழுக்காடு. தென்னிந்தியாவின் பெருநகரங்களில் 20 முதல் 45 விழுக்காடு. மொழி தடையாக இருந்தது என்பதே இதற்குக் கூறப்பட்ட காரணம். இங்கு மொழிபெயர்ப்பாளரின் பணி தொடங்குகிறது. தொடரின் பெயரிலேயே அவருக்கு முதல் இடர் காத்திருக்கிறது.

'ஹம் லோக்' என்பதைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது? இந்தியின் 'ஹம்' முன்னிலையாரை உளப்படுத்தியும் வரும், உளப்படுத்தாமலும் வரும். தமிழ் இவ்விரண்டையும் 'நாம்', 'நாங்கள்' எனப் பிரித்துக் கூறும். 'நாம்' என்றால் பார்வையாளரும் அக்குடும்பத்தில் ஒருவர். 'நாங்கள்' என்றால் அவர் சாளரத்திற்கு வெளியே நின்று பார்ப்பவர். அசோக் குமாரின் முடிவுரையைக் கருதினால் 'நாம்' பொருந்தும். வறுமையில் வாடும் அக்குடும்பம் தன்னைப் பற்றித் தானே கூறுவதாகக் கொண்டால் 'நாங்கள்' பொருந்தும். மூலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிக்கொண்டது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. தெலுங்கு, மலையாளம், மராத்தி, குஜராத்தி மொழிபெயர்ப்பாளர்களும் தம் மொழியமைப்பின் காரணமாக இதே தேர்வைச் செய்தாக வேண்டும். 'நாவு' என்ற ஒரே வடிவத்தை இன்று வழங்கும் கன்னடத்தார் இதில் பேறு பெற்றவர்கள்.

புனைகதைத் தொடரில் இத்தேர்வு சுவை பற்றியது. ஆவணப்படத்தில் இதுவே சான்று பற்றியதாகிவிடுகிறது.

இந்திய ஆவணப்படத்தின் குரல் நெடுங்காலம் ஒரே குரலாக இருந்தது. 1948இல் நிறுவப்பட்ட திரைப்படப் பிரிவு, 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்படும் வரை, செய்திப்படங்களையும் ஆவணப்படங்களையும் பல இந்திய மொழிகளில் வெளியிட்டு வந்தது. திரையரங்குகள் முதன்மைப் படத்திற்கு முன் அவற்றைக் காட்டியாக வேண்டும் என்ற நிபந்தனையும் பல்லாண்டுகள் நடைமுறையில் இருந்தது. படம் ஒன்றே, மாறுவது வருணனை மட்டுமே. முகம் தெரியாத ஒருவரின் கணீரென்ற குரல் எழுத்து வழக்கில் பேசும். திரையில் உழுபவரும் நெய்பவரும் வாய் திறப்பதில்லை. தமிழ் வருணனைக்கு இயல்பாகவே செயப்பாட்டு வினை கைகொடுத்தது. 'அணை கட்டப்படுகிறது', 'நிலம் வழங்கப்பட்டது' என்ற தொடர்களில் கட்டியவரும் இல்லை, வழங்கியவரும் இல்லை. பேச்சுத் தமிழில் செயப்பாட்டு வினை அருகியே வருவது. ஆதலின் இவ்வடிவத்தைக் கேட்டவுடனேயே, பேசுவது மனிதர் அன்று, அலுவலகம் என்பதைப் பார்வையாளர் உணர்ந்துகொள்கிறார். செய்தி உண்மையாகவே இருக்கலாம். எனினும் திரையரங்கில் அந்த நேரத்தில் பலர் வெளியே நின்றுகொண்டிருந்தமைக்கு இந்நடையும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

1960களின் பிற்பகுதியில் அப்பிரிவுக்குள்ளேயே இந்நிலை சற்று மாறியது. எஸ். சுக்தேவின் 'இந்தியா 67' வருணனையே இல்லாமல் நாட்டைக் காட்டியது. எஸ்.என்.எஸ். சாஸ்திரியின் 'ஐ ஆம் 20' (1967), நாடு விடுதலை பெற்ற ஆண்டில் பிறந்த இளைஞர்களைத் தத்தம் சொற்களில் பேசவிட்டது. அவர்கள் தயங்கினர், சொன்னதைத் திருத்தினர், சிலர் நாட்டைப் பற்றிக் கசப்போடும் பேசினர். தயக்கமும் தன்திருத்தமும் எச்சமாய் நிற்கும் தொடர்களும் எழுத்து மொழியில் குறைகள்; திரையில் அவையே நம்பிக்கைக்கு அடையாளங்கள். ஒருவர் எழுதிக் கொடுத்ததைப் படிக்கவில்லை என்பதை அவை காட்டுகின்றன. மொழிபெயர்ப்பில் முதலில் களையப்படுவனவும் அவையே.

ஆனந்த் பட்வர்தனின் 'பம்பாய்: அவர் சிட்டி' (1985) இவ்விடரின் முழு அளவையும் காட்டும். 'ஹமாரா ஷஹர்' என்பது அதன் இந்திப் பெயர். நடைபாதைகளிலும் குடிசைகளிலும் வாழ்வோரின் இருப்பிடங்கள் இடிக்கப்படுவதை அப்படம் பதிவு செய்தது. நகரத்தை ஆள்வோரும் வசதி படைத்தோரும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுகின்றனர். வீடிழந்தோர் பம்பாய்த் தெருக்களின் கலப்பு இந்தியில் பேசுகின்றனர். இருசாராரும் நகரத்தைத் தமது என்கின்றனர். இந்தப் பெயரைத் தமிழாக்குவோர் 'நம் நகரம்' என்பதா, 'எங்கள் நகரம்' என்பதா? முன்னது படத்தின் எள்ளலை மழுங்கச் செய்யலாம். பின்னது யாருடைய கூற்று என்ற வினாவை எழுப்பும். அவ்வினாவே படத்தின் உள்ளடக்கம் என்பதால் பின்னதே ஏற்புடையது.

உரையாடலின் உள்ளே நுழைந்தால் தேர்வு இன்னும் நுட்பமாகிறது. வீடிழந்த ஒருவர் இந்தியில் 'ஹமாரா கர் தோட் தியா' என்பதாகக் கொள்வோம். இத்தொடரில் எழுவாய் இல்லை. வினை, இடிக்கப்பட்ட வீட்டோடு இயைகிறது. இடித்தவர் யார் என்பதை வினைவடிவம் கூறுவதில்லை. தமிழ் வினைமுற்றில் எழுவாயின் சுவடு இருந்தாக வேண்டும். 'எங்க வீட்டை இடிச்சுட்டாங்க' என்று பெயர்த்தால், பெயர் சுட்டாவிடினும் இடித்தவர் மனிதர், பலர் என்பது விகுதியில் நிற்கும். 'எங்கள் வீடு இடிக்கப்பட்டது' என்றால் அணை கட்டிய அதே அலுவலகக் குரல் திரும்பிவிடும். பேசுபவர் உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியையோ பீகாரையோ சேர்ந்தவராயின், அவர் வழக்கில் 'ஹம்' ஒருமையாகவும் வரும். அப்போது 'என் வீட்டை' என்பதே சரியாகலாம். ஒரு குடும்பத்தின் இழப்பா, ஒரு தெருவின் இழப்பா என்பதை இச்சிறு சொல் முடிவு செய்கிறது. பேசுபவரின் ஊரை அறியாமல் படியெடுத்த உரையை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பது, வீடிழந்தவரின் வாக்குமூலத்தை அவரைக் கேளாமலே திருத்துவதற்கு ஒப்பாகும்.

மொழிபெயர்ப்பாளர் அறியாமலே நுழையும் மற்றொரு பிழை 'ஆம்' என்னும் இடைச்சொல் வழி வருவது. பிறர் கூற்றைச் சுருக்கிக் கூறும் தமிழ் வருணனையில், 'இரவிலேயே வந்துவிட்டார்களாம்' என அமைப்பது எளிது. கேட்கவும் இனிமையாக இருக்கும். ஆனால் 'ஆம்' கேள்விச்செய்தியைக் குறிப்பது. கூறுபவர் அதற்குப் பொறுப்பேற்பதில்லை என்பது அதன் உட்பொருள். சூழலைப் பொறுத்து ஏளனமும் அதில் ஒட்டிக்கொள்ளும். மூலத்தில் கண்ணால் கண்டதாகக் கூறியவர், தமிழில் வதந்தி கூறியவராகிறார்.

இங்கே எழக்கூடிய ஒரு மறுப்பையும் கருத வேண்டும். வட்டார வழக்கைத் தமிழின் எந்த வட்டார வழக்கில் பெயர்ப்பது என்பதே அது. பம்பாய் நடைபாதைவாசி சென்னைப் பேச்சில் பேசினால் அவர் சென்னைவாசியாகிவிடுவார். கொச்சை நகைச்சுவைக்குரியது என்ற திரைப்பட மரபு வேறு அவரைப் பின்தொடரும். இம்மறுப்பில் உண்மை உண்டு. எனினும் செந்தமிழுக்கும் குறிப்பிட்ட ஒரு வட்டார வழக்குக்கும் இடையில், வட்டார அடையாளம் மிகாத பொதுப் பேச்சுத் தமிழ் ஒன்று இருக்கிறது. விகுதிகளையும் இணைப்புகளையும் பேச்சில் வைத்து, சொற்தேர்வில் வட்டார முத்திரையைத் தவிர்ப்பது இயலக்கூடியதே.

நம்பகத்தன்மை மிகும்போது எதிர்ப்பும் எழும். பீஷ்ம சாஹ்னியின் புதினத்தை ஒட்டி கோவிந்த் நிஹலானி இயக்கிய 'தமஸ்' 1988இல் ஒளிபரப்பானபோது, அதனைத் தடைசெய்யக் கோரிய வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. பிரிவினைக் கலவரங்களை உள்ளபடி காட்டுவது பகையைத் தூண்டும் என்பது வழக்குத் தொடுத்தவரின் வாதம். பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதிகள் தொடரைப் பார்த்த பின் தடைவிதிக்க மறுத்தனர். உச்சநீதிமன்றமும் அதனை ஏற்றது. எளிதில் நிலைகுலையும் மனத்தை அளவுகோலாகக் கொள்ளாமல், உறுதியும் நிதானமும் உடைய மனிதரை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்ற முந்தைய நெறியை அது பின்பற்றியது. பார்வையாளர் எத்தகையவர் என்று கருதப்படுகிறார் என்பது சட்டத்திற்கு மட்டுமன்று, மொழிபெயர்ப்புக்கும் அடிப்படை வினாவாகும். தயக்கங்களைத் துடைத்து, விடுபட்டதை நிரப்பித் தரும் மொழிபெயர்ப்பு, பார்வையாளரைத் தாழ்வாகவே மதிப்பிடுகிறது.

பட்வர்தனின் படத்தில் ஒரு காட்சி பலராலும் குறிப்பிடப்படுவது. குடிசைவாசியான ஒரு பெண் படக்குழுவினரை நோக்கிச் சினந்து, ஏழைகளைப் படமெடுத்துப் பெயர் சம்பாதிக்க வந்தவர்களா என்ற பொருளில் கேட்கிறார். இயக்குநர் அதனை வெட்டி நீக்கவில்லை. தம்மை நம்பாத ஒருவரைக் காட்டியதனாலேயே படம் கூடுதல் நம்பிக்கையைப் பெற்றது. தமிழ்க் குரலை மேலே ஏற்றும்போது, மூலக்குரலைச் சில நொடிகள் ஒலிக்கவிட்டுப் பின் தாழ்த்துவது பொதுவழக்கம். இக்காட்சியில் அவ்வழக்கம் போதாது. அப்பெண்ணின் குரல் முழுமையாகக் கேட்க வேண்டும்; தமிழ், எழுத்து வரிகளாகக் கீழே ஓடலாம். அவ்வரிகளில் படக்குழுவினர் 'நீங்கள்' ஆவர். அவரும் அவரைச் சேர்ந்தோரும் 'நாங்கள்' ஆவர். 'நாம்' என்ற சொல்லுக்கு அந்தக் காட்சியில் இடமில்லை.