யானைகள் குடித்தனவா?

2022 நவம்பரில் ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டக் காட்டில் 24 யானைகள் உறங்கிக் கிடந்தன. அருகில் இலுப்பைப் பூ ஊறவைத்த பானைகள் உடைந்திருந்தன. சாராயம் குடித்து மயங்கிவிட்டன என்று செய்தி பரவியது.

ரெட்டியார்சத்திரத்தில் எட்டாம் வகுப்பில் இச்செய்தியைப் படிக்கச் செய்து, கரும்பலகையில் ‘கண்டது’, ‘ஊகித்தது’ என இரு பத்திகள் போட்டேன். உடைந்த பானைகளும் உறங்கிய யானைகளும் மட்டுமே முதல் பத்தியில் இடம்பெற்றன. யானைகள் வெறுமனே ஓய்வெடுத்திருக்கலாம் என்று வனத்துறையினரும் கூறியிருந்தனர்.

அடுத்து, அளவு. மனித உடலியலை வைத்து 2006இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 3,000 கிலோ எடையுள்ள யானை தள்ளாட 7 சதவீத ஆல்கஹால் உள்ள பானம் குறைந்தது 10 லிட்டர் தேவை. குட்டிகள் ஒன்பதைக் கழித்தாலும் 150 லிட்டர் என்று மாணவர்கள் கணக்கிட்டனர்.

இக்கணக்கும் முடிவானதன்று. ஆல்கஹாலைச் சிதைக்க உதவும் ஒரு மரபணு யானைகளில் செயலிழந்துள்ளதாக 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. எனவே குறைந்த அளவே போதுமானதாக இருக்கலாம். குடித்திருந்தாலும், தேடி வந்தது போதையையா, இனிப்பான பூவையா?

‘சான்று போதாது’ என்று காரணத்துடன் எழுதியோருக்கு முழு மதிப்பெண் அளித்தேன். நம் வினாத்தாள்களில் இவ்விடைக்கும் இடம் வேண்டும்.