பி.ஏ. வரலாறு படிச்சா வேலை கிடைக்குமா? ஓசூர் பகுதி மாணவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது

பிளஸ் டூ முடிச்சவர் "பி.ஏ. வரலாறு சேரப்போறேன்"னு சொன்னா, மத்திகிரி வீடுகள்ல என்ன பதில் வரும்? "பக்கத்துலயே சிப்காட் இருக்கு, டிப்ளமோ படி!" பெற்றோரின் கவலை நியாயமானதுதான்.

ஆனால் பழங்கால வரலாறு படிக்க இது அருமையான இடம். இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதாவது, சுமார் 4,200 ஆண்டுகள்! மல்லச்சந்திரத்தில் கல்திட்டைகள், மாவட்டம் முழுக்க நடுகற்கள். கூடவே இன்னொரு லாபம்: தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஓசூர் தெருக்களில் காதில் விழும். மூன்றுமே செம்மொழிகள். எல்லைப் பகுதி கல்வெட்டு படிக்க இது பெரிய கைகொடுப்பு.

சரி, வேலை? பி.ஏ.வோடு நிறுத்தினால் தொல்லியலாளர் ஆக முடியாது. அட்மிஷன் நேரத்தில் இதை யாரும் சொல்றதில்லை. அடுத்து எம்.ஏ., பிறகு மாநில தொல்லியல் துறை சென்னையில் நடத்தும் 2 ஆண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு. எம்.ஏ. தமிழ் முடித்தவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம், உதவித்தொகையும் உண்டு. ஆக, பிளஸ் டூவுக்குப் பிறகு மொத்தம் 7 ஆண்டுகள். அதுவரை வீடு தாங்குமா என்பதை சேரும் முன்பே பேசிடுங்க. நடுவில் நிறுத்த வேண்டி வந்தாலும், பட்டம் கையில் இருந்தால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 எழுதலாம், பி.எட். முடித்து ஆசிரியராகலாம்.