நாயின் கண் புண்: செல்போன் படம் போதுமா?

உங்கள் வீட்டு நாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீர் வடிக்கிறதா? செல்போனில் படமெடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், தவறில்லை. ஆனால் கருவிழியில் புண் உள்ளதா என்பதை எத்தனை மெகாபிக்சல் கேமராவும் உறுதியாகச் சொல்லாது. நேரில் சென்றால் டாக்டர் ஃப்ளோரசின் சாயத்தைக் கண்ணில் விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார். மேல்படலம் உரிந்த இடம் பச்சையாக ஒளிரும். புண் மிக ஆழமாகிவிட்டால் அடிச்சவ்வு சாயத்தை ஏற்காது. ஓரம் பச்சையாகவும் நடுப்பகுதி தெளிவாகவும் தெரியும். அதுதான் பெரிய ஆபத்து, கருவிழி ஓட்டையாகிவிடலாம். உடனே ஆபரேஷன் தேவைப்படும்.

மேலோட்டமான புண் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஆறிவிடும். நாய் காலால் தேய்க்காதபடி கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குக் கண் துருத்தியிருப்பதால் இத்தொல்லை அதிகம்.

சாயப் பரிசோதனைக்கு முன், வீட்டில் மிச்சமிருக்கும் டெக்ஸாமெதாசோன் போன்ற ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விடவே விடாதீர்கள். சிவப்பு குறையும்; புண் ஆறாது, கருவிழியே கரையத் தொடங்கலாம்.