இந்திய ஐஸ் ஹாக்கி அணி: பனி இருந்தும் பனித்தளம் இல்லாத கதை

புதுதில்லி: இமயமலையின் உறைந்த குளங்களில் ஐஸ் ஹாக்கி பயின்ற இந்திய ஆடவர் அணி, தனது முதல் சர்வதேசத் தொடரை ஆடியது பாலைவன நகரமான அபுதாபியில். 2009-ஆம் ஆண்டு நடைபெற்ற அந்த ஆசிய சேலஞ்ச் கோப்பைத் தொடரில் இந்தியாவால் ஓர் ஆட்டத்தில்கூட வெல்ல இயலவில்லை. கோப்பையைக் கைப்பற்றியது, போட்டியை நடத்திய ஐக்கிய அரபு அமீரகம்.

ஆண்டுதோறும் இரண்டு மாதங்கள் உறைபனியில் வாழும் மக்களின் அணி தோற்பதும், பாலைவன நாட்டின் அணி வெல்வதும் எவ்வாறு நிகழ்கிறது? இந்திய ஐஸ் ஹாக்கியின் வரலாறு ஏறக்குறைய முழுவதும் இந்தக் கேள்விக்கான விடையில்தான் அடங்கியிருக்கிறது.

ஒலிம்பிக்கில் 8 தங்கப் பதக்கங்களை வென்று தந்த புல்தரை ஹாக்கியை அறியாத இந்தியர் இல்லை. ஐஸ் ஹாக்கி அதற்குத் தூரத்து உறவு மட்டுமே. ஒரு நேரத்தில் களத்தில் கோல்கீப்பரையும் சேர்த்து 6 பேர் ஆடுவார்கள். பந்துக்குப் பதிலாக, 'பக்' எனப்படும் கெட்டி ரப்பர் வட்டு. எடை சுமார் 160 கிராம். தலா 20 நிமிடங்கள் கொண்ட 3 பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். காலில் பிளேடு பொருத்திய காலணியுடன் முழு வேகத்தில் சறுக்கியபடி ஆட வேண்டியிருப்பதால், வீரர்கள் ஒரு நிமிடத்திற்கும் குறைவான இடைவெளியில் மாறி மாறிக் களமிறங்குவார்கள். மற்றொரு முக்கிய வேறுபாடும் உண்டு. ஆடுகளத்தைச் சுற்றி 1 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் பலகைச் சுவர் இருக்கும். பக் அதில் மோதித் திரும்பும் கோணத்தைக் கணிப்பது இந்த ஆட்டத்தின் பாதி வித்தை.

சிம்லாவில் தொடக்கம்

இந்தியாவில் பனிச்சறுக்கு ஆட்டங்களின் பிறப்பிடம் சிம்லா எனலாம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், 1920-ஆம் ஆண்டு அங்கு இயற்கைப் பனித்தளம் உருவாக்கப்பட்டது. டென்னிஸ் மைதானத்தில் கொட்டிக் கிடந்த தண்ணீர் இரவோடு இரவாக உறைந்ததைக் கண்டு, ஆங்கிலேயர் ஒருவருக்கு இந்த யோசனை தோன்றியதாகச் சொல்லப்படுகிறது. கதை மெய்யோ புனைவோ, தண்ணீர் ஊற்றி இரவுக் குளிரில் உறையவைக்கும் அதே முறைதான் அங்கு தலைமுறைகளாகப் பின்பற்றப்பட்டது. வானம் தெளிவாக இருந்தால் மறுநாள் காலை சறுக்கலாம்; மேகம் சூழ்ந்தால் விடுமுறை.

எனினும், தேசிய அணிக்கு வீரர்களை அளித்தது பெரும்பாலும் லடாக்தான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில், 1970-களில் ராணுவத்தினர் உறைந்த குளங்களில் இந்த ஆட்டத்தை ஆடத் தொடங்கினர். சீனாவுடனான போருக்குப் பின்னர் 1963-இல் உருவாக்கப்பட்ட 'லடாக் ஸ்கவுட்ஸ்' படைப்பிரிவின் வீரர்கள் அதில் முன்னணியில் இருந்தனர். குளிர்காலத்தில் சாலைகள் அடைபட்டு, வெளியுலகத் தொடர்பு பெருமளவு அற்றுப்போகும் மாதங்களில் அது பொழுதுபோக்காகவும் உடற்பயிற்சியாகவும் அமைந்தது. வேடிக்கை பார்த்த ஊர் இளைஞர்களையும் ஆட்டம் விரைவில் தொற்றிக்கொண்டது.

அக்காலத்தில் முறையான உபகரணங்கள் ஏது? ராணுவக் காலணியின் அடியில் இரும்புப் பட்டையைப் பொருத்திச் சறுக்கியதையும், கையில் கிடைத்த மரத்தைச் செதுக்கி மட்டையாக்கியதையும் லடாக்கின் மூத்த வீரர்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். பின்னாளில் தில்லியில் உள்ள கனடா தூதரகத்தினர் லே நகருக்குச் சென்று நட்புமுறை ஆட்டங்களில் பங்கேற்றனர். வெளிநாட்டு ஆர்வலர்கள் கொண்டுவந்து தந்த பழைய காலணிகளும் கவசங்களும் பல வீரர்களின் முதல் உபகரணங்களாயின.

லே நகரின் கார்சூ, குபுக்ஸ் ஆகிய குளங்கள் இன்றளவும் இந்திய ஐஸ் ஹாக்கியின் புகழ்பெற்ற களங்கள். குளம் உறைந்துவிட்டால் ஆட்டம் தொடங்கிவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. இயற்கையாக உறையும் பனியின் மேற்பரப்பு மேடு பள்ளமாக இருக்கும். இலையும் தூசும் அதில் சிக்கியிருக்கும். அதைச் சுரண்டிச் சீராக்கி, கடுங்குளிர் நிலவும் இரவு நேரத்தில் மெல்லிய படலமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது உறைந்த பின் அடுத்த படலம். வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 15, 20 டிகிரி வரை இறங்கும் இரவுகளில் இப்பணியைச் செய்பவர்களில் பலர், மறுநாள் காலை ஆடவிருக்கும் வீரர்களே. நண்பகல் வெயில் பட்டால் மேற்பரப்பு இளகிவிடும் என்பதால் காலையிலும் மாலையிலும்தான் நல்ல ஆட்டம் வாய்க்கும்.

உறுப்பினராகி 20 ஆண்டுகள்

இந்திய ஐஸ் ஹாக்கி சங்கம், சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பில் 1989-ஆம் ஆண்டு உறுப்பினரானது. தற்செயலாக அதே ஆண்டில்தான், கனடாவில் பிறந்த பஞ்சாபி வம்சாவளி வீரர் ராபின் பாவா, வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணிக்காகக் களமிறங்கி, வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர் என்ற பெருமையைப் பெற்றார். ஆனால் இந்தியாவின் தேசிய அணி முதல் சர்வதேச ஆட்டத்தில் களம் காண்பதற்கு மேலும் 20 ஆண்டுகள் ஆயின.

ஆசியாவின் வளரும் அணிகளுக்காக 2008-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் தொடங்கப்பட்ட ஆசிய சேலஞ்ச் கோப்பையே அதற்கு வழி திறந்தது. அதன் இரண்டாவது தொடர்தான் அபுதாபியில் நடைபெற்றது. இந்திய வீரர்களுக்கு உடல் வலிமையில் குறையில்லை. பிராணவாயு குறைந்த உயரத்தில் பயின்றவர்களுக்கு மூச்சு வாங்குவதும் எளிதில் பிரச்சினையாகாது. அவர்களுக்குப் பழக்கமில்லாதது உள்ளரங்கப் பனித்தளம்.

செயற்கைப் பனி சீரானது, வழவழப்பானது. அதன்மீது பக் பறக்கும் வேகமே வேறு. திறந்தவெளிக் குளங்களில் முழு உயரப் பலகைச் சுவர்கள் பெரும்பாலும் இருந்ததில்லை. எனவே சுவரில் மோதித் திரும்பும் பக்கைக் கணிப்பதும், சுவரோரத்தில் எதிரணி வீரருடன் உடலோடு உடல் மோதிப் போராடுவதும் நம் வீரர்கள் ஊரில் பயின்றிராத பாடங்கள். அதைவிடப் பெரிய வேறுபாடு பயிற்சிக் காலம். லடாக்கில் டிசம்பர் பிற்பகுதியில் தொடங்கும் பருவம் பிப்ரவரியில் முடிந்துவிடும். அமீரகத்திலும் தாய்லாந்திலும் வணிக வளாகங்களுக்குள்ளேயே ஆண்டு முழுவதும் இயங்கும் பனித்தளங்கள் உண்டு. பன்னிரண்டு மாதம் பயில்பவரோடு இரண்டு மாதம் பயில்பவர் மோத வேண்டிய நிலை.

தெஹ்ராதூன் தந்த வெற்றி

2011-ஆம் ஆண்டு ஜனவரியில் முதலாவது தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் உத்தராகண்ட் மாநிலத்தின் தெஹ்ராதூன், அவுலி ஆகிய இடங்களில் நடத்தப்பட்டன. அதற்காக தெஹ்ராதூனில் சர்வதேசத் தரத்திலான உள்ளரங்கப் பனித்தளம் கட்டப்பட்டது. முழு அளவு கொண்ட அத்தகைய அரங்கு இந்தியாவுக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை.

பலன் விரைவிலேயே தெரிந்தது. 2012-ஆம் ஆண்டு ஆசிய சேலஞ்ச் கோப்பைத் தொடர் இதே அரங்கில் நடைபெற்றபோது, மக்காவ் அணியை 5-1 என்ற கோல் கணக்கில் இந்தியா வீழ்த்தியது. சர்வதேச அரங்கில் இந்திய ஆடவர் அணியின் முதல் வெற்றி அது. சொந்த மண்ணில், சொந்தப் பனித்தளத்தில் கிடைத்த வெற்றி என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் அந்த அரங்கு நீண்ட காலம் இயங்கவில்லை. செயற்கைப் பனித்தளம் என்பது கட்டி முடித்ததும் செலவு முடிந்துவிடும் கட்டடமன்று. தளத்தின் அடியில் பதிக்கப்பட்ட குழாய்களில் குளிரூட்டப்பட்ட திரவம் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதன்மேல் சில சென்டிமீட்டர் தடிமனுக்கே பனி உருவாக்கப்படுகிறது. அரங்கினுள் ஈரப்பதம் மிகுந்தால் பனியின் மீது மூடுபனி படரும். ஆகவே காற்றையும் உலர்த்த வேண்டும். ஆட்ட இடைவேளைகளில் தளத்தைச் சீராக்கத் தனி இயந்திரம் தேவை. மே, ஜூன் மாதங்களில் 35 டிகிரியைத் தாண்டும் நகரில் இவை அனைத்தையும் இயக்க ஆகும் மின்கட்டணத்தைச் சொல்லத் தேவையில்லை. பராமரிப்புச் செலவுக்கு வழியில்லாமல் அரங்கு மூடப்பட்டது. பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தது.

தலைநகர் தில்லியை ஒட்டிய குருகிராமில் வணிக வளாகம் ஒன்றில் சிறிய பனித்தளம் இருந்தது. பொதுமக்கள் சறுக்கி மகிழ்வதற்காக அமைக்கப்பட்ட அத்தளத்தில் தேசிய அணியினரும் பயிற்சி பெற்றனர். சர்வதேச ஆடுகளத்தின் நீளம் 60 மீட்டர். அதில் ஒரு பகுதி அளவே கொண்ட தளத்தில் முழு அணியின் வியூகங்களைப் பயில்வது, பூப்பந்து மைதானத்தில் கால்பந்து பயில்வதைப் போன்றது.

பொதுமக்களிடம் நிதி

2015-ஆம் ஆண்டு குவைத்தில் நடைபெற்ற ஆசிய சேலஞ்ச் கோப்பை முதல் பிரிவுத் தொடருக்கு அணியை அனுப்பவே சங்கத்திடம் போதிய பணமில்லை. பயணச் செலவுக்கும் உபகரணங்களுக்கும் பொதுமக்கள் உதவ வேண்டும் என்று சமூக ஊடகங்கள் வழியே வேண்டுகோள் விடுக்கப்பட்டது. தேசிய அணியொன்று நாட்டின் சீருடையை அணிவதற்காக நன்கொடை கேட்டு நின்ற செய்தி பரவலான கவனத்தைப் பெற்றது. தனிநபர்கள் சிறு தொகைகளை வழங்கினர். சில நிறுவனங்களும் முன்வந்தன. அணி குவைத் சென்றது. அதுவரை இப்படி ஓர் அணி இருப்பதே நாட்டில் பலருக்குத் தெரியாது. பரிதாபத்தின் வாயிலாகக் கிடைத்த அறிமுகம் அது.

வீரர்களின் பிழைப்புக்கு இந்த ஆட்டம் நேரடியாக உதவுவது குறைவு. எனவேதான் ராணுவமும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையும் இந்திய ஐஸ் ஹாக்கியின் தூண்களாக நீடிக்கின்றன. திறமையான லடாக் இளைஞருக்கு அங்கு வேலை கிடைக்கிறது. வேலையோடு ஆட்டமும் தொடர்கிறது. 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் லே நகரில் நடைபெற்ற கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளின் ஆடவர் ஐஸ் ஹாக்கியில் ராணுவ அணியே தங்கம் வென்றது.

அண்மைக் காலத்தில் தனியார் ஆதரவும் வரத் தொடங்கியுள்ளது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மோட்டார் சைக்கிள் நிறுவனமான ராயல் என்ஃபீல்டு, 2024 ஜனவரியில் லே நகரில் ஆடவர், மகளிர் இருபாலருக்கும் ஐஸ் ஹாக்கி லீக் தொடரைத் தொடங்கியது. லடாக் மலைப்பாதைகளில் அந்நிறுவனத்தின் வண்டிகளைக் காணாத பயணி இருக்க முடியாது என்பதால் இந்தத் தொடர்பு வியப்பளிப்பதன்று.

முந்திச் சென்ற மகளிர்

ஆடவர் அணியைவிடத் தாமதமாக, 2016-இல்தான் இந்திய மகளிர் அணி சர்வதேசக் களத்தில் அடியெடுத்து வைத்தது. அவர்களும் நன்கொடையின் துணையோடுதான் புறப்பட்டனர். மறு ஆண்டே பிலிப்பின்ஸை வென்று முதல் வெற்றியைப் பதிவு செய்தனர். 2025-ஆம் ஆண்டு ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடைபெற்ற மகளிர் ஆசியக் கோப்பையில் வெண்கலப் பதக்கம் வென்றனர். ஹிமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் உள்ள காஜாவில் 2022-ஆம் ஆண்டு தேசிய மகளிர் சாம்பியன்ஷிப் நடத்தப்பட்டது, இந்த ஆட்டம் லடாக்குக்கு வெளியேயும் வேரூன்றுவதைக் காட்டியது.

ஆடவர் அணியோ உலக சாம்பியன்ஷிப்பின் கீழ்நிலைப் பிரிவுகளில்கூட இன்னும் ஆடியதில்லை. தரமான உள்ளரங்கப் பனித்தளமும், முறையாக நடைபெறும் உள்நாட்டுத் தொடரும் இல்லாத நாட்டுக்கு அந்த வாயில் எளிதில் திறப்பதில்லை. இதற்கிடையே இயற்கைப் பனியும் முன்போல் கைகொடுப்பதில்லை. குளிர்காலம் வெப்பமடைவதால் சிம்லாவில் சறுக்கக் கிடைக்கும் நாள்கள் குறைந்து வருகின்றன. குளம் ஒரு வாரம் தாமதமாக உறைந்தாலும், எட்டு வாரப் பருவத்தில் அது எட்டில் ஒரு பங்கு இழப்பு.

பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த தெஹ்ராதூன் அரங்கு சீரமைக்கப்பட்டு, 'ஹிமாத்ரி' என்ற பெயரில் மீண்டும் இயங்கத் தொடங்கியுள்ளது. 2025 ஆகஸ்டில் அங்கு ஆசிய ஓபன் குறுந்தட வேக ஸ்கேட்டிங் போட்டி நடைபெற்றது. வெளியே மழைக்காலம்; உள்ளே பூஜ்யத்திற்குக் கீழே உறைந்த தளம். லே நகரின் குளங்கள் அந்த மாதத்தில் வெறும் நீர்நிலைகள். அவை மீண்டும் உறைய இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன.